ஃபேன் சத்தம் நின்றது, வேட்டுச் சத்தம் நிற்கவில்லை

ஸ்பெக் சமாச்சாரத்தை முதலிலேயே முடித்துவிடுவோம். சார்ஜ் நன்றாக நிற்கிறது, ப்ளூடூத் சட்டென்று இணைகிறது, பாட்டும் அருமை. காதை முழுக்க மூடும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் இது. விலை நல்ல ஒரு செல்போனுக்குச் சமம். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். நான் சொல்லப்போகும் குறை இந்த வகை மொத்தத்துக்கும் பொது.

நான் வாங்கியது பாட்டுக்காக இல்லை. எனக்கு ஹைபர்அக்யூசிஸ், அதாவது சாதாரணச் சத்தமே தாங்காத காது. சில்வர் தட்டு தரையில் விழுந்தால் வீட்டில் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு வலது காதுக்குள் சுருக்கென்று குத்தி, கன்னம் வழியாகத் தாடை வரை எரியும். அன்று முழுக்க அந்தப் பக்கம் வைத்துச் சாப்பாடு மெல்ல முடியாது. ஆடியோகிராம் எடுத்தால் கேட்கும் திறனில் ஒரு குறையும் இல்லை என்று வருகிறது.

காதில் சத்தம் விழுந்தால் முகம் எதற்கு எரிய வேண்டும்? நடுக்காதில், சுத்தி எலும்போடு ஒட்டிக்கொண்டு, டென்சர் டிம்பனி என்ற சின்னஞ்சிறு தசை இருக்கிறது. அது சுருங்கினால் செவிப்பறை இறுகும். அதை இயக்குவது ட்ரைஜெமினல் நரம்பின் கிளை. கன்னத்துக்கும் தாடைக்கும் உணர்ச்சி தருவதும் அதே நரம்புதான். சிலருக்குச் சாதாரணச் சத்தத்துக்கே இந்தத் தசை பதறிச் சுருங்குகிறது, அந்த வலிதான் முகத்துக்குப் பரவுகிறது என்பது மருத்துவர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று.

இனி ஹெட்ஃபோனுக்கு வருவோம். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போகும்போது இதைப் போட்டால், ஆரல்வாய்மொழி தாண்டுவதற்குள் இன்ஜின் இரைச்சலை மறந்தே போவீர்கள். வீட்டில் ஃபேன், மிக்ஸி மோட்டாரின் உறுமல், பக்கத்து வீட்டு பம்ப்செட் எல்லாம் அடங்கிவிடுகின்றன. ஆனால் இவை எதுவும் எனக்கு வலி தந்ததே இல்லை.

இந்தக் கருவியின் பிறப்பே அப்படி. வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ், 1978இல் ஜூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குத் திரும்பும் விமானத்தில், இரைச்சலில் பாட்டு கேட்க முடியாத எரிச்சலில் இதற்குக் கணக்குப் போட ஆரம்பித்தார். 1989இல் அவர் கம்பெனி விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மைக் வெளிச்சத்தத்தைப் பிடிக்கும், ஸ்பீக்கர் அதற்கு நேரெதிர் அலையை விடும், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரே சீராக, தாழ்ந்த சுருதியில் ஓடும் சத்தத்துக்கு இது எமன். திடீரென்று வெடிக்கும் சத்தத்திடம் இது பலிக்காது. அங்கே காப்பாற்றுவது காதைச் சுற்றியுள்ள பஞ்சு மட்டும்தான்.

நம் மாவட்டத்தில் சத்தம் எப்போது சீராக வந்திருக்கிறது? வேப்பமூடு ஜங்ஷனில் முதுகுக்குப் பின்னால் ஏர் ஹாரன். கோயில் கொடைக்கு வேட்டு. சிங்காரி மேளத்தில் இலைத்தாளம் ஓங்கி விழும் அந்த ‘ஜிங்’. ஹெட்ஃபோன் பின்னணி இரைச்சலைத் துடைத்துவிட்டதால், நடுவே வரும் ஒரு வேட்டு முன்னைவிடத் தூக்கிவாரிப்போடுகிறது.

இன்னொரு கடுப்பு, பிடி. தலையிலிருந்து நழுவக் கூடாது என்று இறுக்கமாகச் செய்திருக்கிறார்கள். பஞ்சின் கீழ் ஓரம் சரியாகத் தாடை மூட்டின் மேல் உட்காருகிறது. எனக்கு எரிகிற அதே இடம். தளர்த்தினாலோ கண்ணாடிக் காம்பு ஓரமாக இடைவெளி விழுந்து சத்தம் உள்ளே வந்துவிடும். ஐப்பசிப் புழுக்கத்தில் பஞ்சு வேர்வையில் ஊறிப்போவது தனிக்கதை.

சத்தமே இல்லாமல் இருப்பதும் மருந்தாகாது. 2003இல் அமெரிக்காவில் க்ரெய்க் ஃபார்ம்பி குழுவினர், நல்ல காது உள்ளவர்களை இரண்டு வாரம் காதடைப்பான் போட்டிருக்கச் செய்தார்கள். கழற்றியபோது பழைய சத்தமே அவர்களுக்குக் கூடுதலாகக் கேட்டது. மெல்லிய இரைச்சலைத் தொடர்ந்து கேட்டவர்களுக்கோ தாங்கும் சக்தி கூடியிருந்தது. நாள் முழுக்கக் காதை மூடி வைத்தால், மூளை உள்ளே வால்யூமை ஏற்றிவிடுகிறது.

அதனால்தான் இதில் நான் தினமும் அமுக்குவது, விளம்பரத்தில் யாரும் பெரிதாகச் சொல்லாத ஆம்பியன்ட் மோடு. வெளிச்சத்தத்தை அது உள்ளே விடுகிறது, ஆனால் ஓர் அளவுக்கு மேல் போனால் அமுக்கிக் கொடுக்கிறது. தகர ஷெட்டில் மழை கேட்கிறது, மீன்காரி குரல் கேட்கிறது, கிண்ணம் விழுந்தால் ‘டொக்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. வேட்டை இதுவும் தடுக்காது. அதற்கு உள்ளே ஃபோம் அடைப்பான், மேலே இது, ஆள் இரண்டு தெரு தள்ளி.

கோயில் விழா மைக்செட் விஷயத்தில் கருவியைவிடச் சட்டம் வலுவானது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கியே கூடாது. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள் மட்டும், அதுவும் நள்ளிரவு வரை, அரசு விலக்கு தரலாம். ஊர்க் கமிட்டியில் இதைச் சொன்னால், “உமக்குக் காது சரியில்லேன்னா ஊரு சாமி கும்பிடாண்டாமா ஓய்?” என்கிறார்கள்.

வாங்கலாமா? தினம் பஸ்ஸில் போய்வருபவர்கள் தாராளமாக. என்னைப் போன்ற காதுக்காரர்கள் கடையிலேயே அரைமணி நேரம் போட்டு, தாடையை அசைத்துப் பாருங்கள். ஆம்பியன்ட் மோடில் வைத்துப் பக்கத்தில் யாரையாவது கைதட்டச் சொல்லுங்கள். அந்தக் கைதட்டல் அமுங்கவில்லையென்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

கம்பெனிக்கு ஒரு கோரிக்கையும் உண்டு. பாட்டு ஓடவில்லை என்று வெளியே காட்ட ஒரு சின்ன பச்சை விளக்கு வையுங்கள். போன மாதம் ஒரு துட்டி வீட்டில் பறையடிக்குப் பயந்து இதை மாட்டிக்கொண்டு நின்றேன். “துட்டி வீட்டுலயும் பாட்டாடே மக்ளே?” என்று மாமி கேட்டது ஆம்பியன்ட் மோடில் துல்லியமாகக் கேட்டது.