உல்லாசப் பயண விளம்பர மொழியும் வன்னி நிலமும்

இலக்கியம் என்று நாம் வழமையாக ஏற்றுக்கொள்ளும் வடிவங்களுள் உல்லாசப் பயண விளம்பர எழுத்து இடம்பெறுவதில்லை. ஆயினும், நிலத்தை வருணித்து அதனை விற்பனைப் பண்டமாக்கும் இவ்வெழுத்து, இன்று மிகப் பரவலாக வாசிக்கப்படும் நிலவருணனைகளுள் ஒன்றாகும். அதன் ஆங்கிலத் தொடர்களின் நுண்பொருளை அறிதல் மொழிப் பயிற்சி மாத்திரமன்று, கருத்தியற் பிரச்சினையுமாகும்.

'அன்ஸ்பொயில்ற்' என்னும் சொல்லை நோக்குவோம். 'கெடாத' என்பது அதன் அகராதிப் பொருள். விளம்பரத்திலோ, ஏனைய பயணிகளும் விடுதிகளும் இன்னும் வந்து சேராத இடத்தை அது குறிக்கும். கெடுப்பவர் எவர் என்பதை மறைத்து, கெடுவதற்கு முன் வந்துவிடுமாறு அது அழைக்கிறது. 'ஓஃப் த பீற்றன் ட்ராக்' என்பதும் இத்தகையதே. பலர் நடந்து பழகிய தடத்தினின்றும் விலகியது என்பது அதன் நேர்ப்பொருள். இங்கு 'பலர்' எனப்படுவோர் பயணிகளே. பரந்தன்-முல்லைத்தீவு வீதியிலுள்ள முரசுமோட்டைக்கு இத்தொடரைப் பொருத்தினால், இரணைமடுக் குளத்து நீரில் நெல் விளைவித்து அவ்வீதியை நாளும் பயன்படுத்தும் விவசாயிகள் கணக்கில் இல்லாதோராகிவிடுவர். 2009இன் தொடக்க மாதங்களில் பெருந்தொகையான மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்து சென்ற வீதியும் அதுவே. போர் முடிந்து எட்டு மாதங்கள் நிறைவுறுமுன்னரே, 2010 சனவரியில், நியூயோர்க் ரைம்ஸ் இதழ் அவ்வாண்டு செல்லவேண்டிய 31 இடங்களின் பட்டியலில் இலங்கைக்கு முதலிடம் வழங்கியது.

அவ்வீதி சென்றடையும் முல்லைத்தீவில், நந்திக்கடலோரத்தில், இராணுவம் அமைத்த விடுதியொன்று 2012இல் திறக்கப்பட்டது. அதற்கு இடப்பட்ட பெயர் 'லகூன்ஸ் எட்ஜ்'. 'எட்ஜ்' என்பது நீர்க்கரையையும் குறிக்கும். அப்பாற்செல்ல வழியற்ற விளிம்பையும் குறிக்கும். விடுதிப் பெயர் முதற்பொருளை மாத்திரமே வேண்டி நிற்கிறது. 2009 மே மாதத்தில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் சிக்குண்ட மக்களுக்கோ இரண்டாம் பொருளே வாழ்வநுபவமாயிற்று. இவ்விரு பொருள்களுள் எது மேலோங்கும் என்பதை அகராதி தீர்மானிப்பதில்லை. நிலம் எவர் ஆதிக்கத்தில் உள்ளது என்பதே தீர்மானிக்கிறது.

நிலத்தைக் காட்சியாகக் காணும் நோக்கு, அதில் உழைப்போரிடமிருந்து விலகி நிற்பவனுக்கே வாய்க்கிறது என்பதை ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட நாட்டுப்புறமும் நகரமும் பற்றிய நூலில் ஆங்கில இலக்கியத்தைக் கொண்டு விளக்கினார். நமது திணை மரபிலோ, மக்களும் தொழிலும் கருப்பொருளாக நிலத்தோடு பிணைந்துள்ளனர். அம்மரபும் தன் காலத்துச் சமூக ஏற்றத்தாழ்வுகளைத் தாங்கியதே. அதனை இலட்சியமாக்குதல் தவறு. எனினும், ஆளற்ற நிலம் என்ற கற்பனையை இனங்காண அது நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது.

விளம்பரங்களைத் தமிழாக்குவோரும் ஆங்கிலம் பயிற்றும் ஆசிரியர்களும் ஒவ்வொரு தொடரிடத்தும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: இதனைச் சொல்பவர் எவர்? எவருக்குச் சொல்லப்படுகிறது? இதில் எவருடைய உழைப்பும் இழப்பும் மறைக்கப்படுகின்றன? பயணிகள் வருதலை நாம் எதிர்க்கவில்லை. வன்னி மக்களுக்கு வருவாய் தேவை. ஆனால் தம் நிலத்தை வருணிக்கும் உரிமையும் அவர்களுக்குரியதாதல் வேண்டும்.