ஸ்மோக் ஸ்டடி யாருக்காக?

கண் ஆபரேஷனுக்காகக் கொடும்பாளூரிலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்புகிறவரின் பையில் ஒரு சொட்டு மருந்து பாட்டில் இருக்கும். அதில் கிருமி இல்லை என்று எதை வைத்து நம்புவது? சோதனைக்கூடத்தை வைத்து என்றால் கணக்கு இடிக்கிறது. பெரிய பேட்ச் ஒன்றிலிருந்து 20 பாட்டில்களை எடுத்துச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒன்று கெட்டுப்போன பேட்ச்சாக இருந்தாலும், அந்த 20-இல் ஒன்றுகூட அகப்படாமல் போக 82 சதவீத வாய்ப்பு உண்டு.

திருப்போரூர் அருகே ஆலத்தூரில் குளோபல் ஃபார்மா ஹெல்த்கேர் தயாரித்த கண் சொட்டு மருந்தோடு தொடர்புபடுத்தப்பட்ட தொற்று, 2023-இல் அமெரிக்காவை உலுக்கியது. 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 4 பேர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த மாதிரிகளிலோ கிருமி அகப்படவில்லை. இந்தத் தொற்றை நிரப்பும் அறையின் காற்றோட்டத்தோடு நான் முடிச்சுப் போடவில்லை. பலமுறை திறந்து மூடும் பாட்டிலில் கிருமித்தடுப்புப் பொருள் போதாது என்பதும் அமெரிக்க அதிகாரிகளின் புகார்களில் ஒன்று. ஆனால் மாதிரியில் இல்லை என்பதால் பேட்ச்சிலும் இல்லை என்று ஆகிவிடாது. கிருமி நுழையும் வழியை மருந்து நிரப்பும் அறையிலேயே அடைத்தாக வேண்டும்.

ஸ்மோக் ஸ்டடி எனும் காற்றோட்டச் சோதனை அங்கேதான் உதவுகிறது. கூரையிலுள்ள ஹெப்பா ஃபில்டரிலிருந்து நொடிக்குச் சுமார் 0.45 மீட்டர் வேகத்தில் காற்று சீராகக் கீழிறங்க வேண்டும். வேறு எதையும் தொடாத அந்தக் காற்றுதான் திறந்த மருந்துக் குப்பி (வயல்) மீது முதலில் பட வேண்டும். நீர்ப்புகையை விட்டு, காற்றின் போக்கை வீடியோ எடுக்கிறார்கள். துகள் எண்ணும் கருவி ஓரிடத்தில் எத்தனை துகள் என்று சொல்லும். எந்த வழியாக வந்தது என்று சொல்லாது. புகை அதைக் காட்டிவிடும். சாய்ந்த வயலை நிமிர்த்த ஆபரேட்டர் கை நீட்டும்போது, முழங்கைக்கு அடியில் புகை சுழன்று வயல் வாய்ப் பக்கம் திரும்புவதைத் திரையில் பார்த்துவிட்டால், அப்புறம் வாதத்துக்கு இடமில்லை. மெஷின் கவசத்தின் ஒரு விளிம்பு, இடம் மாறிய ஒரு தட்டு என்று வரைபடத்தில் கண்ணுக்குப் படாத கோளாறுகள் எல்லாம் வெளியே வரும்.

ஆனால் இதே சோதனையை ஏமாற்றுவதும் சுலபம். பெரும்பாலும் ஏமாற்றுகிறோம் என்று தெரியாமலே நடக்கிறது. துளிகள் கனமாக இருந்தால் புகை தன் பாரத்தாலேயே இறங்கும்; மோசமான காற்றோட்டமும் நேர்த்தியாகத் தெரியும். புகை குறைந்தால் சுழல் தெரியாது. வெள்ளைச் சுவர் பின்னணியில் எதுவுமே தெரியாது. கேமரா ஒரே கோணத்தில் நின்றால், ஆபரேட்டரின் முதுகே முக்கியமான இடத்தை மறைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல், அன்று கேமரா முன் நிற்பவர் யார்? அனுபவமுள்ளவர், அதுவும் கல்யாண வீடியோவுக்கு நடப்பவர் மாதிரி நிதானமாக. இரவு ஷிப்டில் மூன்றாவது முறை நிரப்பும் லைன் நின்றபோது பதறி நீண்ட கை அந்தப் படத்தில் இருக்காது. போதாததற்கு இதில் எண் எதுவும் கிடையாது. எவ்வளவு சுழன்றால் தப்பு என்பதைப் பார்ப்பவர்தான் தீர்மானிக்கிறார். பார்ப்பவரோ பல நேரம் அந்த லைனை அமைத்தவரே.

2023 ஆகஸ்ட் 25 முதல் அமலுக்கு வந்த ஐரோப்பிய விதிகள் லைன் ஓடாதபோதும் ஓடும்போதும், ஆபரேட்டரின் கைவேலையோடும் இதைச் செய்து, வீடியோவைப் பாதுகாக்கச் சொல்கின்றன. நல்லதுதான். ஆனால் ஆடிட்டர் கேட்பது களங்கமில்லாத படத்தை என்றால், தொழிற்சாலையும் அதைத்தான் எடுக்கும். புகை கலைந்த காட்சிகளை வெட்டாமல், எந்த மாற்றத்தால் சரியானது என்ற குறிப்போடு வைத்திருக்கும் கோப்பைத்தான் நான் நம்புவேன். அந்த வீடியோ பாதுகாப்பு அலமாரியில் தூங்கக் கூடாது. கையுறை மாட்டி உள்ளே போகிறவர்தான் அதை முதலில் பார்க்க வேண்டும். தன் கை எங்கே காற்றை மறிக்கிறது என்று ஒருமுறை கண்ணால் கண்டவருக்கு நாற்பது பக்க நடைமுறைக் கையேடு வேண்டியதில்லை.

இன்னொன்றையும் அதே விதிகள் சொல்கின்றன: புகை காட்டியதைக் கணக்கில் கொண்டே கிருமிக் கண்காணிப்பையும் திட்டமிட வேண்டும். அப்படியானால் கிருமி பிடிக்கும் தட்டை, வைக்கச் சௌகரியமான மூலையில் அல்ல, புகை தயங்கி நின்ற இடத்தில்தான் வைத்தாக வேண்டும்.