மேக் இன்ஸ்டால்

லினக்ஸ் உபயோகிப்பவர்களில் இரண்டு வகை. மசாலாவை வீட்டிலேயே அரைப்பவர்கள், பாக்கெட் வாங்குபவர்கள். அரைப்பவர்களுக்கு மூன்று வரி மந்திரம்: கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். ஸோர்ஸ் கோடை இறக்கி, உங்கள் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் பண்ணிக்கொள்வது.

நானும் அரைத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வீடியோ ப்ளேயரை ஆரம்பித்தேன். 'ஒரு லைப்ரரி இல்லை' என்றது. அதைப் போட்டால், அதற்கு இன்னொன்று வேண்டுமாம். சாயங்காலத்துக்குள் ஏழு லைப்ரரி. படம் ஓடியது, சத்தம் வரவில்லை. சரி, எடுத்துவிடலாம் என்றால் எந்த ஃபைலை எங்கே வைத்தது என்று அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அபிமன்யு கேஸ். உள்ளே போகத்தான் தெரியும்.

இந்தத் தலைவலியைத் தீர்த்தவை பேக்கேஜ் மேனேஜர்கள். 1993-ல் இயான் மர்டாக் ஆரம்பித்த டெபியனில், 1999-ல் வந்த 2.1 பதிப்போடு 'ஆப்ட்' சேர்ந்துகொண்டது. ஒரு வரி அடித்தால் போதும். எதற்கு எது வேண்டும் என்று பார்த்து, எல்லாவற்றையும் வரவழைத்து, கணக்கு எழுதி வைத்து, வேண்டாமென்றால் சுத்தமாக எடுத்தும் விடும். உங்கள் செல்போனில் இருக்கும் ஆப் ஸ்டோரெல்லாம் இதற்கு ரொம்பப் பிற்பாடு பிறந்த தம்பிகள்.

குறை இல்லையா? உண்டு. டெபியனின் 'ஸ்டேபிள்' சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். புது ஸாஃப்ட்வேருக்குக் காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாதவர்களுக்கு ஸ்னாப், ஃப்ளாட்பேக். இவை படுக்கை, பாத்திரம், ஸ்டவ்வோடு வந்து இறங்கும் விருந்தாளிகள். ஒரு கால்குலேட்டருக்குக்கூட முதல் தடவை நூற்றுக்கணக்கான எம்.பி. இறங்கலாம்.

அரைப்பவர்களின் பெரிய வாதம், 'ஸோர்ஸ் கண்ணெதிரே இருக்கிறது, ஏமாற்ற முடியாது' என்பது. நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், அந்தக் கன்ஃபிகர் ஸ்க்ரிப்ட்டின் ஆயிரக்கணக்கான வரிகளை என்றைக்காவது படித்தீர்களா?

2024 மார்ச்சில் நடந்தது இது. 'எக்ஸ்ஸெட்' என்று ஃபைல்களைச் சுருக்கும் லைப்ரரி. சம்பளமில்லாமல் அதைப் பராமரித்து வந்தவர் களைத்துப்போயிருந்தார். ஒருவர் இரண்டு வருஷம் கூடமாட ஒத்தாசை செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, கொல்லைப்புறக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். படு விவரமான கதவு. வீட்டில் அரைப்பவனிடம் அது வேலை காட்டாது. டெபியன், ரெட் ஹாட் பாணி பேக்கேஜாகக் கட்டும்போது மட்டும்தான் விழித்துக்கொள்ளும். பாக்கெட் போடும் மில்லுக்கே குறி!

அகப்பட்டது எப்படி? ஸோர்ஸைப் படித்து அல்ல. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற எஞ்சினீயர், லாக்-இன் அரை செகண்டு தாமதிக்கிறதே என்று சந்தேகப்பட்டுத் துருவினார். அதற்குள் அது டெபியனின் சோதனைப் பதிப்புகளுக்குள் நுழைந்திருந்தது. ஸ்டேபிளை எட்டவில்லை. எந்த மந்தத்தை நாம் திட்டினோமோ, அதுதான் காப்பாற்றியது.

என் தீர்ப்பு: கற்றுக்கொள்ள ஒரே ஒரு தடவை அரைத்துப் பாருங்கள். தினப்படிக்கு ஆப்ட் போதும். ஆனால் பாக்கெட்டுக்குப் பின்னால் மெஷின் இல்லை, மனிதர்கள் இருக்கிறார்கள். 'ஆப்ட் ஷோ' என்று அடித்து ஒரு பேக்கேஜின் பெயரைக் கொடுத்தால், பராமரிப்பவர் பெயரும் ஈமெயிலும் வரும். இன்றைக்கு ஒருவருக்கு ஒரு வரி தாங்க்ஸ் எழுதிப் போடுங்கள். திட்டி எழுத ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.