பரம்பரையலகுகளுக்கு இடையே: பற்றீரியாச் சிறு ஆர்.என்.ஏ. பற்றிய கணனி ஆய்வுகள் – ஒரு விமர்சன நோக்கு

ஒரு பொருள் நெடுங்காலம் அறியப்படாதிருப்பதற்குக் கருவிகளின் குறைபாடு மட்டுமே காரணமாவதில்லை. காண்போரின் கருத்தமைவும் காரணமாகின்றது. பற்றீரியாக்களின் ஒழுங்காக்கச் சிறு ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 'ஸ்பொட் 42' எனும் ஆர்.என்.ஏ. 1973இல் அறியப்பட்டது; கலக்ரோசு அனுசேபத்தில் அது ஆற்றும் பங்கு 2002இலேயே தெளிவாயிற்று. 'மிக்எப்' எனும் ஆர்.என்.ஏ., வெளிமென்சவ்வுப் புரதமொன்றின் தொகுப்பைத் தடுப்பது 1984இல் காட்டப்பட்டபோதும் அதனை ஓர் அரிய விதிவிலக்காகவே பலர் கொண்டனர். பரம்பரையலகு என்பது புரதத்தை ஆக்குவது என்ற நினைப்பு அத்துணை வேரூன்றியிருந்தது.

இம்மூலக்கூறுகளுட் பல, தூது ஆர்.என்.ஏ.யின் ஒரு பகுதியுடன் மூலச்சோடிகளாக இணைந்து, றைபோசோம் பற்றுமிடத்தை மறைத்தோ திறந்தோ புரதத் தொகுப்பை ஒழுங்காக்குகின்றன. 'எச்எப்கியூ' எனும் புரதம் இதற்குப் பெரிதும் துணைபுரிகின்றது. இணையும் பகுதியோ குறுகியது, இடையிடையே அறுபடுவது. புரதக் குறியீட்டுக்குரிய தொடக்க, முடிவு அடையாளங்களும் இவற்றுக்கு இல்லை. கணனித் தேடலின் இடர்ப்பாடு இங்கேயே தொடங்குகின்றது.

'எசரிக்கியா கோலை'யின் ஏறத்தாழ 46 இலட்சம் மூலச்சோடிகளின் ஒழுங்கு 1997இல் வெளியாயிற்று. அதனை அடிப்படையாகக் கொண்டு 2001இல் மூன்று ஆய்வுகள் தோன்றின. அர்கமன் குழுவினர், பரம்பரையலகுகளின் இடைவெளிகளிற் படியெடுப்புத் தொடக்க, முடிவுக் குறிகளையும் இனங்களிடையே காணப்படும் ஒப்புமையையும் தேடி 24 இடங்களை எதிர்வுகூறினர்; சோதித்த 23இல் 14 புதிய ஆர்.என்.ஏ.க்களாயின. வசர்மன் குழுவினர், இன ஒப்புமையைப் பரிசோதனைத் தரவுகளோடு இணைத்து 17 புதியவற்றைக் கண்டனர். றிவாஸ், எடி முதலியோர், ஒரு மூலம் மாறும்போது அதன் சோடியும் ஈடுசெய்து மாறும் பாங்கினைக் கணித்து 275 இடங்களைச் சுட்டினர்; சோதித்த 49இல் 11 சிறு ஆர்.என்.ஏ.க்களை வெளிப்படுத்தின.

இவ்வெண்களை வெறும் விகிதங்களாக ஒப்பிட்டு முறைகளைத் தரப்படுத்துவது பொருந்தாது. இரும்பு குன்றியவிடத்துப் பெருகும் 'ஆர்வைஎச்பி' போன்றதோர் ஆர்.என்.ஏ., இரும்பு மிக்க வளர்ப்பூடகத்திற் சோதிப்போர்க்கு எளிதிற் புலப்படாது. எனவே, பரிசோதனையிற் காணப்படாமை இல்லாமைக்குச் சான்றன்று. மறுபுறம், மடிந்த அமைப்பொன்று காணப்படுவதும் தனியொரு சிறு ஆர்.என்.ஏ. உண்டென்பதற்குச் சான்றன்று. எழுந்தமானமான ஒழுங்குகளும் மடியக்கூடியவை. ஆதலின் அமைப்பு மட்டும் போதாது என்பதை 2000ஆம் ஆண்டில் றிவாஸும் எடியும் தாமே நிறுவினர். தம் கருதுகோளைத் தாமே சோதித்த அந்த நேர்மை பாராட்டுக்குரியது.

ஆயின் மூன்று ஆய்வுகளுக்கும் பொதுவானதொரு எல்லையுண்டு. புரதப் பரம்பரையலகுகளின் இடைவெளிகளையே அவை துருவின. பழைய நினைப்பை உடைக்கப் புறப்பட்ட தேடல், அந்நினைப்பு வரைந்த நிலப்படத்தையே கையிற் கொண்டு சென்றது. தூது ஆர்.என்.ஏ.க்களின் இறுதிப் பகுதிகளிலிருந்தும் ஒழுங்காக்கிகள் பிறக்கின்றன எனப் பின்னர் அறியப்பட்டது. 'எஸ்ஜிஆர்எஸ்' எனும் ஆர்.என்.ஏ. தானே ஒரு சிறு புரதத்தையும் ஆக்குகின்றது என 2007இல் காட்டப்பட்டபோது, 'குறியீடுடையது – குறியீடற்றது' என்ற பாகுபாடே ஆட்டங்கண்டது.

இலக்குகளை எதிர்வுகூறும் முறைகளிலும் இத்தகைய முரண்பாடு தொடர்கின்றது. 2008இல் வெளிவந்த 'இன்ராஆர்என்ஏ' இணைவின் சக்தியோடு, மடிந்திருக்கும் இடத்தைத் திறப்பதற்கு வேண்டிய சக்தியையும் கணக்கிட்டது. இது உண்மையான முன்னேற்றமாகும். 2013இல் வந்த 'கொப்ராஆர்என்ஏ' பல இனங்களின் கணிப்புகளை ஒருங்கிணைத்துப் பொய் விடைகளைக் குறைத்தது. எனினும், பல இனங்களுக்கும் பொதுவானதையே அது நன்கு காணும். ஒரு நோய்க்கிருமிக்கே தனியுரிமையான தொடர்பு, மருத்துவ நோக்கில் முதன்மையானதாயினும், அதன் பார்வைக்குத் தப்பிவிடலாம்.

இவ்விடத்து அறிவுழைப்பின் பங்கீடு பற்றியும் சிந்தித்தல் வேண்டும். பரம்பரை ஒழுங்குகள் யாவருக்கும் திறந்துள்ளன. எளிய கணனியொன்றைக் கொண்டே எதிர்வுகூறலாம். ஆனால் மெய்ப்பித்தற்கு ஆய்வுகூடமும் பொருளும் வேண்டும். வசதி குன்றிய நிறுவனங்கள் பட்டியல் தயாரிப்போராகவும், வசதி படைத்தவை உண்மையைத் தீர்மானிப்போராகவும் பிரிந்து நிற்கும் நிலை அறிவியலுக்கு நலம் பயவாது. சோதிக்கப்படாத பெயர்கள் தரவுத்தொகுதிகளிற் பிரதிபண்ணப்பட்டுக் காலப்போக்கில் உண்மைகளாக மதிக்கப்படுதல் இதனினும் கேடானது.

ஆகவே, எதிர்வுகூறலை விடையாகவன்றி நன்கு அமைக்கப்பட்ட வினாவாகவே கொள்ளல் வேண்டும். எங்கு தேடினோம், எதனை விலக்கினோம், எந்நிலையிற் சோதித்தோம், எவை தவறின என்பனவும் வெற்றிகளோடு ஒருங்கே வெளியிடப்படுதல் வேண்டும். இடைவெளிகளை வெற்றிடமென்று கருதிய தலைமுறையின் பிழையை நாம் இன்று எளிதிற் சுட்டுகின்றோம். நமது நிரல்கள் எவற்றை வெற்றிடமென ஒதுக்குகின்றன என்று கேட்பதே அப்பிழையினின்று நாம் கற்கவேண்டிய பாடமாகும்.