வண்டியை நிறுத்தச் சொல்லும் உரிமை

பங்குனியில் மாணவிகள் ஐந்து பேருடன் விருத்தாசலத்திலிருந்து வேன் பிடித்துச் சாத்தனூர் போனேன். ஐவரில் ஒருத்தி நாவல் எழுத ஆசைப்படுகிறவள். அவள் அம்மாவிடம் சம்மதம் வாங்க மூன்று முறை போனில் பேச வேண்டியிருந்தது. “கல்லைப் பாக்க அவ்ளோ தூரம் போவணுமாம்மா?” என்று அவர் கேட்டார். என் இருபதாவது வயதில் என் அப்பா கேட்டதும் இதே கேள்விதான். அன்று நான் போகவில்லை.

சாத்தனூரில் கிடப்பது 18 மீட்டர் நீளக் கல்மரம். அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் கடலாக இருந்த கிரெட்டேசியஸ் காலத்தில் வண்டலில் புதைந்த மரம் அது. மரத்தின் இழைகளில் சிலிக்கா ஏறி, மரம் போய் அதன் உருவம் மட்டும் கல்லாக நின்றது. பீங்கான் ஊர்ப் பெண்களுக்கு இது சட்டென்று புரிந்தது. எங்கள் ஊரில் பொம்மை வார்க்கும் அச்சும் அப்படித்தானே? முதலில் செய்த உருவம் போய்விடும், அதன் வடிவம் அச்சில் தங்கிவிடும்.

நம் வரலாற்று நாவல்களில் வரும் பெண்களையும் இப்படிப் பார்க்கலாம் என்று அங்கே தோன்றியது. கல்கி ஓவியர் மணியத்துடன் இலங்கை வரை போய், இடங்களை நேரில் பார்த்து ‘பொன்னியின் செல்வன்’ எழுதினார். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நாவல் தொடங்குவது எங்கள் பக்கத்து வீராணம் ஏரிக்கரையில், தனியே குதிரையில் வரும் ஓர் இளைஞனோடு. பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பு என்று அவனிடம் சொல்வாரில்லை. ஆடிப்பெருக்குக்குக் கரைக்கு வந்த பெண்கள் பாடிக் களிக்கிறார்கள். கதையோ அவன் குதிரையோடு போய்விடுகிறது. பூங்குழலி தனியாகப் படகோட்டவில்லையா என்று மாணவிகள் கேட்டார்கள். ஓட்டுகிறாள். ஆனால் கதையின் முக்கியமான கட்டங்களில் அந்தப் படகு கடலில் இறங்குவது ஆண்களின் காரியத்துக்காகத்தான்.

செம்பியன் மாதேவியைப் பாருங்கள். செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய பத்தாம் நூற்றாண்டுச் சோழ அரசி. எங்கள் ஊர் விருத்தகிரீஸ்வரர் கோயிலையும் கற்றளியாக்கியவர் அவர்தான். நாவலிலும் அவர் திருப்பணி பற்றிப் பேசுகிறார். ஆனால் கதைக்கு அவரிடமிருந்து வேண்டியது ஒரு தாயின் ரகசியம். எந்த ஊருக்குப் போனார், எந்தச் சிற்பியிடம் என்ன சொன்னார், எதை இடித்துக் கட்டச் சொன்னார் என்பதெல்லாம் கதைக்கு வேண்டியிருக்கவில்லை. பக்தியும் தாய்மையும் ஏறி உறைந்த கல்லாகவே வாசகர் மனதில் அவர் நிற்கிறார்.

இதற்கு எதிர்த்திசையில் நடந்தவர் ராஜம் கிருஷ்ணன். தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய், அங்கே வேலை செய்பவர்களிடம் பேசி, 1979இல் ‘கரிப்பு மணிகள்’ தந்தார். அவர் தேடிப் போனது அரண்மனையை அல்ல, கூலியை. செய்திகள் சில இடங்களில் கதையை அழுத்துவது உண்மைதான். ஆனாலும் பொன்னாச்சியின் காலில் உப்பு அரிப்பதை நம்மால் உணர முடிகிறது. கல்மரத்தில் கணுவும் வரியும் மிஞ்சியிருப்பதைப் போல, அந்த நாவலில் உழைப்பின் தடம் மிஞ்சியிருக்கிறது. ஊர் ஊராகப் போய் எழுதும் நாவலை நான் மதிப்பிடுவது இந்தத் தடத்தை வைத்துத்தான். எழுதியவர் எத்தனை ஊர் பார்த்தார் என்பது எனக்கு இரண்டாம்பட்சம். எங்கே நின்றார், யாரிடம் பேசினார் என்பதே முதல் கேள்வி. பெண்ணுக்கு அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: நிற்பதற்கு அவளை யார் விடுகிறார்கள்? வழியில் ஒரு கழிப்பறைகூட இல்லாத சாலையில், இருட்டுவதற்குள் திரும்ப வேண்டிய பயணத்தில், அவள் எவ்வளவு கேட்டுவிட முடியும்?

திரும்பும் வழியில் ஒரு முந்திரித் தோப்பில் பெண்கள் குனிந்து கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாவல் ஆசைக்காரி என் தோளைத் தொட்டாள். “மேடம், வண்டியக் கொஞ்சம் நிறுத்தச் சொல்றீங்களா?”

“நீயே சொல்லு” என்றேன்.

சொன்னாள். வண்டி நின்றது.