குருவும் சீடனும் ஒரே கூரையின் கீழ்

பேராதனையில் ரயிலேறும் ஓவியப் பித்தர்களுக்குக் கொழும்பில் ஒரு முகவரி உண்டு: கறுவாத்தோட்டம், பார்ன்ஸ் பிளேஸ், சபுமல் நிலையம். ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. இலங்கை ஓவியர்களின் அமைப்பான '43 குழு'வின் ஓவியங்கள் சுவர் கொள்ளாமல் தொங்குகின்றன. உறவினர் வீட்டுக் கூடத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவது போலிருக்கும்.

ஹரியிடம் ஓவியம் பயின்றவர் ஐவன் பீரிஸ். தமிழில் எழுதினால் இருவருக்கும் ஒரே குடும்பப்பெயர்தான். ஆங்கில எழுத்துகள் வேறு. 17 வயது வித்தியாசம். ஆனாலும் 1943இல் குழு தொடங்கியபோது ஆசிரியரும் மாணவரும் அதில் சம உறுப்பினர்கள்.

ஹரி மனித முகங்களின் ஓவியர். லண்டனிலும் பாரிஸிலும் கற்றுத் திரும்பியவர். ஆனாலும் வித்தை காட்டமாட்டார். எதிரே இருப்பவரை அமைதியாக உட்காரவைத்து, நிறங்களை அடக்கியே தீட்டுவார்.

ஐவனோ முகத்தை விட்டுக் கரைக்குப் போய்விட்டார். மணல், கடல், வானம் என்று கிடையாக மூன்று பட்டைகள். நடுவே மெலிந்து நீண்ட உருவங்கள், யாருக்கோ காத்திருப்பதுபோல. 1953இல் இங்கிலாந்து போய் சவுத்எண்ட் கடலோரத்தில் குடியிருந்தவர், கடைசிவரை தீட்டியது பிறந்த ஊரான தெஹிவளைக் கரையைத்தான். குருவின் சாயல் எங்கே என்று தேடினால், அந்த அடக்கத்தில் இருக்கிறது. எட்டிப் பாய்ந்தவர் மாணவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இருவரும் 1988இல் காலமானார்கள். அதே குழுவில் கண்டிக்காரர் ஜோர்ஜ் கீற்றும் இருந்தார்; அவருடைய கோடுகள் உரக்கப் பேசுபவை. அவற்றைப் பார்த்துவிட்டு ஐவனிடம் திரும்பினால், கண் பழகச் சற்று நேரமாகும்.