போர்ட்டிஸ்ஹெட்: மூன்று ஆல்பங்கள், ஒரு கரகரப்பு

1994இல் வந்த ‘டம்மி’ ஆல்பத்தின் கடைசிப் பாடலான ‘குளோரி பாக்ஸ்’ஸை ஹெட்போனில் கேட்டுப்பாருங்கள். குரலுக்கு அடியில், பழைய இசைத்தட்டில் ஊசி உரசுகிற கரகரப்பு ஓடிக்கொண்டே இருக்கும். இத்தனைக்கும் அது சிடி கொடிகட்டிப் பறந்த காலம். ஒலியிலிருந்து தூசியைத் துடைத்தெடுப்பதுதான் அன்றைக்கு ஸ்டுடியோக்களின் பெருமை. அந்த நேரத்தில் மூன்று பேர் உட்கார்ந்து தூசியைத் தேடித்தேடிச் சேர்த்திருக்கிறார்கள். போர்ட்டிஸ்ஹெட்டின் மொத்தக் கதையையும் இந்தக் கரகரப்பை வைத்தே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை வேறு. முப்பது வருஷத்துல மூணே ஸ்டுடியோ ஆல்பம்: 1994, 1997, 2008. பாடகி பெத் கிப்பன்ஸ் பேட்டி கொடுப்பதே அபூர்வம். ‘கம்மியா செஞ்சாங்க, அதான் பெரிய ஆளுங்க’ என்று முடித்துவிடுவார்கள். சோம்பேறித்தனமான பாராட்டு இது. கம்மியாகச் செய்து காணாமலே போனவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒரு ஆல்பத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இவர்கள் எதைத் தூக்கிப்போட்டார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

போர்ட்டிஸ்ஹெட் என்பது பிரிஸ்டலுக்குப் பக்கத்திலிருக்கும் சின்னக் கடலோர ஊர். ஜெஃப் பேரோ வளர்ந்தது அங்கேதான். மாசிவ் அட்டாக் தங்களுடைய ‘ப்ளூ லைன்ஸ்’ (1991) ஆல்பத்தைப் பதிவுசெய்த கோச் ஹவுஸ் ஸ்டுடியோவில் அவர் டேப் ஆபரேட்டராக இருந்தார். வேலையில்லாதவர்கள் சொந்தத் தொழில் தொடங்க அரசு உதவித்தொகை கொடுத்த ஒரு திட்டம் இருந்தது. அதன் அறிமுக வகுப்பில்தான் 1991இல் கிப்பன்ஸைச் சந்தித்தார். ஜாஸ் பின்னணியிலிருந்து வந்த கிதார் கலைஞர் ஏட்ரியன் அட்லி பிறகு சேர்ந்துகொண்டார்.

பிரிஸ்டலின் இசை கரீபியக் குடியேறிகளின் சவுண்ட் சிஸ்டம் இரவுகளில் வேர்விட்டது. மாசிவ் அட்டாக்கும் ட்ரிக்கியும் அந்த மண்ணிலிருந்தே வந்தவர்கள். பேரோவுக்கு அது பக்கத்து வீட்டுச் சொத்து. ஹிப்ஹாப் தாளம், சோல் இசைத்தட்டு, உளவாளிப் படங்களின் பின்னணி இசை என எல்லாவற்றையும் வாங்கிவந்து கட்டியதுதான் ‘டம்மி’. ‘சவர் டைம்ஸ்’ லாலோ ஷிஃப்ரினின் இசைத்துண்டின் மேல் நிற்கிறது. ‘குளோரி பாக்ஸ்’ ஐசக் ஹேய்ஸிடமிருந்து எடுத்தது. அடுத்த வருடமே ட்ரிக்கியும் அதே ஹேய்ஸ் துண்டை ‘ஹெல் இஸ் ரவுண்ட் த கார்னர்’ பாடலில் பயன்படுத்தினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ட்ரிக்கியிடம் அது மூச்சுமுட்டும் அறை. போர்ட்டிஸ்ஹெட்டிடம் அது நாம் பார்த்தேயிராத ஒரு பழைய படத்தின் காட்சி.

‘டம்மி’யின் பலமும் பலவீனமும் இங்கேதான் இருக்கின்றன. கடன்வாங்கிய நினைவு இதமானது. கிப்பன்ஸ் பாடுவது தனிமையையும் அவமானத்தையும்தான். ஆனால் பழைய இசையின் கதகதப்பு அந்த வலியைப் போர்த்திவிடுகிறது. 1995இல் மெர்க்குரி விருது கிடைத்தது. கூடவே காபி கடைகளிலும் விருந்து மேசைகளிலும் பின்னணியில் ஓடும் இசையாகவும் அது மாறிப்போனது. மனுஷி கதறுகிறாள், நாம் கேக் சாப்பிடுகிறோம். தப்பு கேட்டவர்களுடையது மட்டுமல்ல. போர்வையை நெய்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

1997இல் வந்த இரண்டாம் ஆல்பத்துக்குக் குழுவின் பெயரையே வைத்தார்கள். இதில் பிறருடைய இசைத்துண்டுகளைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள். தாங்களே வாசித்து, அதை வினைலில் பதித்து, அந்தத் தட்டிலிருந்து மறுபடி சாம்பிள் எடுத்தார்கள். ‘டம்மி’யிலேயே கொஞ்சம் செய்துபார்த்த வேலைதான், இங்கே அதுவே கொள்கையாகிறது. அதாவது, நடக்காத கடந்தகாலத்தைத் தாங்களே தயாரிப்பது. முதல் பாடலான ‘கவ்பாய்ஸ்’ஸில் கிப்பன்ஸின் குரல் அமிலம் மாதிரி இறங்குகிறது. இதைப் போட்டுவிட்டு யாரும் கேக் வெட்ட முடியாது. ஆனாலும் எனக்கு இது பாதி வெற்றிதான். போலிப் பழமையைச் செய்யும் உழைப்பு காதில் உறுத்துகிறது. பின்பாதியில் ஒரே இருட்டு, ஒரே வேகம். அதே பாடல்களை அந்த ஆண்டு ஜூலையில் நியூயார்க் ரோஸ்லேண்டில் ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தபோதுதான் அவற்றுக்கு மூச்சு வந்தது.

அப்புறம் நீண்ட மௌனம். வித்தை கைவந்துவிட்டது. அதே கரகரப்போடு இன்னும் மூன்று ஆல்பம் போட்டிருந்தாலும் வாங்க ஆள் இருந்திருப்பார்கள். ட்ரிப் ஹாப் என்ற முத்திரையோடு அந்த ஒலியைப் பிரதியெடுத்தவர்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள்.

2008இல் ‘தேர்ட்’ வந்தபோது கரகரப்பு போய்விட்டிருந்தது. பழைய படம் இல்லை, போர்வையும் இல்லை. முதல் பாடல் ‘சைலன்ஸ்’ யாரோ வயரைப் பிடுங்கியதுபோல் சட்டென்று அறுந்துபோகிறது. ‘டீப் வாட்டர்’ என்று உகுலேலேயில் ஒன்றரை நிமிட எளிய பாட்டு. அது முடிந்த கையோடு ‘மெஷின் கன்’. பெயருக்கேற்ற மின்னணு அடி, விடாமல். அதற்கு மேலே கிப்பன்ஸ் ஏறக்குறைய ஒரு பிரார்த்தனையைப் பாடுகிறார். தாளம் குரலைத் தாங்கவில்லை, குரலும் தாளத்துக்கு வளைந்துகொடுக்கவில்லை. ஒரே அறையில் முகம் பார்க்காமல் நிற்கும் இரண்டு பேர்.

‘என்ன இருந்தாலும் டம்மி மாதிரி வருமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. பாடல்களின் இனிமையில் வராதுதான், ஒப்புக்கொள்கிறேன். ‘குளோரி பாக்ஸ்’ போல முதல் முறையிலேயே ஒட்டிக்கொள்ளும் மெட்டு ‘தேர்ட்’டில் ஒன்றுகூட இல்லை. ஆனால் ‘டம்மி’யில் ஒரு காட்சியின் கதாபாத்திரமாக இருந்த பெண், இங்கே ஒப்பனையில்லாமல் நம் எதிரில் நிற்கிறாள். அவள் எந்தக் காலத்தைச் சேர்ந்தவள் என்று சொல்ல முடியாது. அதனாலேயே அவள் இன்றைக்கும் பழசாகவில்லை.

2024இல் கிப்பன்ஸ் வெளியிட்ட தனி ஆல்பமான ‘லைவ்ஸ் அவுட்க்ரோன்’னிலும் ‘டம்மி’யின் முதுகெலும்பாக இருந்த அந்த ஹிப்ஹாப் தாளம் கிடையாது. எழுதுகிறவர்களுக்கும் படமெடுக்கிறவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. ‘நம்ம ஸ்டைல்’ என்று நாலு பேர் பாராட்டுவது எதுவோ, அதுவே மெல்ல நமக்குப் போர்வையாகிவிடுகிறது. அதற்காக எல்லோரும் பதினொரு வருஷம் சும்மா இருக்கணும்னு இல்லை. வேலைசெய்து அலுத்துப்போன கருவியைக் கீழே வைக்கத் தெரிந்தால் போதும்.

‘தேர்ட்’டில் ‘த ரிப்’ என்றொரு பாடல். கிதாரில் அமைதியாகத் தொடங்கும். நடுவில் கிப்பன்ஸ் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிப்பார். அந்த ஒற்றை மூச்சுக்குக் கீழே கிதார் நகர்ந்துபோய், சிந்தசைசரும் டிரம்ஸும் வந்து இடத்தை எடுத்துக்கொள்ளும். குரல் அதே இடத்தில் நின்றிருக்கும், அடியில் தரையே மாறியிருக்கும். பதினான்கு வருடங்களில் இந்தக் குழு செய்ததும் அதுதான்.